ஹிஸ்டமின் குறைந்த உணவு: எதைத் தேர்ந்தெடுப்பது, எதைக் கொண்டு சுவையூட்டுவது

வாங்கிய அன்றே சமைத்த மீன் ஒரு தொந்தரவும் தருவதில்லை. அதே மீனை ஃபிரிட்ஜில் வைத்திருந்து இரண்டு நாள் கழித்துச் சூடுபடுத்திச் சாப்பிட்டால் முகம் சிவக்கிறது, தலை வலிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒவ்வாமைப் பரிசோதனையில் மீனுக்கு எதிராக எதுவும் தெரிவதில்லை. மீன் கெட்டுப்போகவும் இல்லை, வீட்டில் மற்றவர்கள் அதையே சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். இப்படிக் குழம்பிப்போய் அலைந்தவர்களில் சிலருக்குக் கடைசியில் கையில் கிடைப்பது ‘ஹிஸ்டமின் குறைந்த உணவு’ என்ற ஒரு பட்டியல். அதில் பாதிக்கு மேல் ‘கூடாது’ என்றிருக்கும். இன்னொரு பட்டியலைத் தேடி எடுத்தால் அது முதல் பட்டியலோடு முரண்படும். அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் பயம், தட்டில் நாலைந்து பொருள்தான் மிச்சம்.

அந்த நிலைக்கு யாரும் போக வேண்டியதில்லை. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஹிஸ்டமின் உணவில் எப்படிச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு நாமே பதில் சொல்லிவிடலாம். சுவையான சாப்பாட்டையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உடம்பில் இதற்கு என்ன வேலை

ஹிஸ்டமின் நஞ்சல்ல. நம் உடம்பே தயாரித்துப் பயன்படுத்தும் வேதிப்பொருள். அது உடம்பில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதை ஹென்றி டேலும் பேட்ரிக் லெயிட்லாவும் 1910-ல் விவரித்தார்கள். வயிற்றில் அமிலம் சுரக்கச் செய்வது, மூளையை விழிப்போடு வைத்திருப்பது, காயமோ கிருமியோ வந்த இடத்தில் இரத்தக் குழாய்களை விரியச் செய்வது எல்லாம் இதன் வேலைகள். இதைப் பிடித்துக்கொள்ளும் செல் பகுதிகளான ஏற்பிகள் நான்கு வகை. தோல், மூக்கு, குடல், இதயம், மூளை என்று பல இடங்களில் அவை இருப்பதால்தான் ஹிஸ்டமின் மிகுந்தால் தொந்தரவும் பல இடங்களில் ஒரே நேரத்தில் தலைகாட்டுகிறது. தோல் தடிப்பு, தலைவலி, மூக்கடைப்பு, வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நோய்கள்போலத் தெரியும்.

உடம்பு தயாரிப்பது ஒரு பக்கம், சாப்பாட்டில் வருவது இன்னொரு பக்கம். புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சில பாக்டீரியாக்களிடம் உள்ள நொதி அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நாம் விழுங்கும் ஹிஸ்டமினைச் சிறுகுடலின் சுவரில் உள்ள டயமின் ஆக்சிடேஸ் என்ற நொதி பெருமளவு சிதைத்துவிடுகிறது. சுருக்கமாக டி.ஏ.ஓ. என்பார்கள். இந்த நொதி நன்றாக வேலை செய்பவருக்கு உணவிலுள்ள ஹிஸ்டமின் ஒரு பொருட்டே அல்ல. ஒரு வேளையில் 50 மில்லிகிராம் வரை உட்கொண்டாலும் ஆரோக்கியமானவர்களுக்குப் பாதிப்பு தெரிவதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் மதிப்பிட்டது. நொதி குறைந்தவர்களுக்கோ அதில் மிகச் சிறிய பங்குகூடத் தொந்தரவு தரலாம்.

டி.ஏ.ஓ. குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. மரபணு வேறுபாடு, குடல் அழற்சி, மது, சில மருந்துகள். கிளாவுலானிக் அமிலம் கலந்த ஆன்டிபயாட்டிக், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் வெராபமில் ஆகியவை இந்த நொதியைத் தடுப்பவை என்று குறிப்பிடப்படுகின்றன. இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இந்த நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. அந்த மாதங்களில் மட்டும் ஒற்றைத்தலைவலியும் மற்ற தொந்தரவுகளும் குறைந்திருந்ததாகச் சில பெண்கள் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒவ்வாமைக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அளவுதான். ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி பட்டாலும் ஆபத்து நேரலாம். இங்கே அப்படியில்லை. ஒரு நாளில் உள்ளே வரும் மொத்தமும், அதைச் சிதைக்கும் உடம்பின் திறனும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கின்றன. திங்கட்கிழமை ஒத்துக்கொண்ட சீஸ் வெள்ளிக்கிழமை தலைவலி தருவது இதனால்தான். வெள்ளியன்று அதோடு தக்காளி சாஸும் ஒரு கோப்பை ஒயினும் சேர்ந்திருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரத்தத்தில் டி.ஏ.ஓ. அளவைப் பார்த்து மட்டும் இந்தப் பிரச்சினையை உறுதிசெய்ய முடியாது. ஜெர்மானிய ஒவ்வாமை மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. உணவை மாற்றிப் பார்த்து, அறிகுறி குறைகிறதா என்று கவனித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அதற்கு முன் உண்மையான உணவு ஒவ்வாமை, லாக்டோஸ் செரிக்காமை, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய், ஹிஸ்டமினைச் சேமித்து வைக்கும் மாஸ்ட் செல்களின் நோய்கள் போன்றவை இல்லை என்று மருத்துவர் பார்த்துவிடுவது அவசியம். சாப்பிட்டதும் தொண்டை அடைப்பது, மூச்சுத் திணறுவது, மயக்கம் வருவது ஆகியவற்றை வீட்டிலேயே உணவை மாற்றிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு நேரம் ஆயிற்று?

ஓர் உணவை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது அதன் பெயரை அல்ல, அதன் வயதை. மீனோ இறைச்சியோ பிடித்த நொடியில் அல்லது வெட்டிய நொடியில் அதில் ஹிஸ்டமின் மிகக் குறைவு. ஹிஸ்டிடின் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. பாக்டீரியாவுக்கு வெப்பமும் நேரமும் கிடைக்கக் கிடைக்கத்தான் அது ஹிஸ்டமினாக மாறுகிறது.

இதில் மீன்தான் எல்லாவற்றையும்விட வேகமானது. அதிலும் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற கருஞ்சதை மீன்களில் தனி ஹிஸ்டிடின் மிக அதிகம். இவை சரியாகக் குளிரூட்டப்படாமல் கிடந்தால், டி.ஏ.ஓ. குறையே இல்லாதவர்களுக்கும் முகம் சிவந்து, தலைவலித்து, வயிறு கலங்கும் அளவுக்கு ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். ஸ்காம்ப்ராய்டு நச்சு என்று அதற்குப் பெயர். மீனில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பை ஒட்டிய மீனில் 150 கிராம் சாப்பிட்டால் 30 மில்லிகிராம் உள்ளே போகிறது. அந்த வரம்பின்படி அது நல்ல மீன். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. டி.ஏ.ஓ. குறைந்தவருக்கு மட்டும் அன்றைய நாள் பாழ்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒருமுறை சேர்ந்துவிட்ட ஹிஸ்டமினை எதுவும் அழிப்பதில்லை. கொதிக்க வைத்தாலும், குக்கரில் வேகவைத்தாலும், உறைய வைத்தாலும், டின்னில் அடைத்துப் பதப்படுத்தினாலும் அது அப்படியே இருக்கும். வெப்பம் பாக்டீரியாவைக் கொல்லும், ஹிஸ்டமினை ஒன்றும் செய்யாது. மணத்தாலும் சுவையாலும் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே ‘நன்றாகச் சூடு பண்ணிவிட்டேனே’ என்பது இந்த விஷயத்தில் பாதுகாப்பு ஆகாது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? மீன் வேண்டுமென்றால் பிடித்தவுடன் குடல் நீக்கப்பட்டதா, தொடர்ந்து பனிக்கட்டியில் இருந்ததா என்று தெரிந்த மீனை வாங்குங்கள். அந்த உறுதி இல்லையென்றால், கப்பலிலேயே உறையவைத்த வெள்ளைச் சதை மீன் பல நேரங்களில் ‘புது மீன்’ என்று விற்கப்படுவதைவிட நல்லது. அதை வெளியே வைத்து மெல்ல இளக விடாமல், உறைந்த நிலையிலேயே சமைத்துவிடலாம். கோழியும் மற்ற இறைச்சியும் வாங்கிய அன்றே சமைப்பது நல்லது. கொத்திய இறைச்சியை இன்னும் விரைவாகப் பயன்படுத்த வேண்டும். கொத்தும்போது மேற்பரப்பில் இருந்த பாக்டீரியா உள்ளே எல்லா இடத்திலும் கலந்துவிடுகிறது, அதற்குப் படரும் இடமும் கூடிவிடுகிறது. மென்மைக்காக வாரக்கணக்கில் முதிர வைக்கும் மாட்டிறைச்சி, தொத்திறைச்சி, உலர்த்திய இறைச்சி, புகையூட்டிய இறைச்சி எல்லாம் ஒதுக்க வேண்டியவை.

மீந்த உணவு பற்றித்தான் கேள்விகள் அதிகம் வரும். எல்லா மீந்த உணவும் ஒன்றல்ல. புரதம் குறைந்த சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, காரட் போன்றவற்றில் ஹிஸ்டமின் சேர வாய்ப்பு குறைவு. இறைச்சி, மீன் கலந்தவற்றை ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். நாலு டிகிரி குளிரில் பாக்டீரியா மெதுவாகிறதே தவிர நின்றுவிடுவதில்லை. தினமும் அடுப்படியில் நிற்க முடியாதவர்களுக்கு ஃபிரீசர்தான் துணை. சமைத்ததும் அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஒருவேளை அளவாகப் பிரித்து, அகலமான தட்டையான டப்பாக்களில் போட்டு விரைவாக ஆறவைத்து உடனே உறையவைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் ஹிஸ்டமின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். சாப்பிடும் நேரத்தில் நேராக அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள். மேசைமேல் மணிக்கணக்கில் இளகவிட்டால் உறையவைத்த பயன் போய்விடும்.

சமைக்கும் முறையும் ஓரளவு விளைவை மாற்றுகிறது. சில இறைச்சி, கடலுணவு வகைகளை நெருப்பில் வாட்டும்போதும் வறுக்கும்போதும் ஹிஸ்டமின் அளவு கூடியதாகவும், வேகவைக்கும்போது அப்படிக் கூடவில்லை என்றும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் வேகவைத்தலும் ஆவியில் அவித்தலும் முன்னே இருக்கட்டும். மணிக்கணக்கில் கொதிக்கும் எலும்புச் சாற்றை உடம்புக்கு நல்லதென்று பலர் பரிந்துரைப்பார்கள். இந்த உணவுமுறையில் அதைத் தவிர்க்கச் சொல்வதே வழக்கம்.

இரண்டாவது கேள்வி: நுண்ணுயிர் வேலை செய்ததா?

எத்தனையோ பட்டியல்கள் எத்தனையோ விதமாக முரண்பட்டாலும் ஒன்றில் மட்டும் எல்லாம் ஒத்துப்போகின்றன: நொதித்து முதிர்ந்த உணவு கூடாது. முதிர்ந்த சீஸ், ஒயின், பீர், நொதித்த முட்டைக்கோஸ், சோயா சாஸ், மிசோ என்ற சோயா விழுது, மீன் சாஸ், கொம்புச்சா என்ற நொதித்த தேநீர். நொதித்தல் என்பதே பாக்டீரியாவுக்கும் ஈஸ்டுக்கும் நேரம் கொடுத்துக் காத்திருப்பதுதான், அதனால் இதில் வியப்பில்லை. நீண்ட நாள் முதிர்ந்த சீஸ் சிலவற்றில் கிலோவுக்குப் பல நூறு மில்லிகிராம் ஹிஸ்டமின் இருக்கும். குடலுக்கு நல்லது என்று எல்லோரும் புகழும் உணவுகளே இவர்களுக்குத் தொல்லையாவது வருத்தம்தான். புரோபயாடிக் மாத்திரைகளிலும் கவனம் தேவை. லாக்டோபாசில்லஸ் ராய்ட்டரி போன்ற சில வகைகள் தாமே ஹிஸ்டமின் தயாரிக்கக்கூடியவை.

பால் குடும்பத்தையே ஒதுக்க வேண்டுமா என்றால், இல்லை. காய்ச்சிய பால், வெண்ணெய், புதிய க்ரீம், ரிக்கோட்டா, மொசரெல்லா போன்ற முதிராத சீஸ்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தயிர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்த பாக்டீரியாவால் உறைந்தது, எத்தனை நாள் ஆனது என்பதைப் பொறுத்து மாறும். முதல் இரு வாரம் நிறுத்திவிட்டுப் பிறகு சோதித்துப் பார்ப்பதே சரி.

காய்கறிகளில் சில விதிவிலக்குகள்

புதிதாகப் பறித்திருந்தாலும் சில காய்கறிகளில் இயற்கையாகவே ஹிஸ்டமின் இருக்கிறது. பசலைக் கீரை (ஸ்பினச்), கத்தரிக்காய், தக்காளி, அவகாடோ ஆகியவை. முதல் இரண்டிலும் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் வரை அளந்திருக்கிறார்கள், தக்காளியில் பொதுவாக அதைவிடக் குறைவு. ஆரஞ்சு வகைப் பழங்கள், வாழைப்பழம் போன்றவற்றில் ஹிஸ்டமின் குறைவுதான், ஆனால் புட்ரெசின் என்ற, ஹிஸ்டமினைப் போன்ற இன்னொரு வேதிப்பொருள் உண்டு. அதையும் டி.ஏ.ஓ.தான் சிதைக்க வேண்டும். நொதி அங்கே மும்முரமாக இருக்கும்போது ஹிஸ்டமின் நழுவிப் போய்விடலாம்.

இவை தவிர ‘ஹிஸ்டமினைத் தூண்டி விடுபவை’ என்று ஒரு தனிப் பட்டியலும் சுற்றுகிறது. ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, பப்பாளி, முட்டையின் வெள்ளைக்கரு, சாக்லேட், கொட்டை வகைகள் என்று நீளும் அந்தப் பட்டியலுக்கு மனிதரிடம் செய்த ஆய்வுகளின் ஆதாரம் பலவீனமானது. என் கருத்தில், தொடக்கநிலையில் இருப்பவர் இதற்காக அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இந்தப் பட்டியலால்தான் பலருடைய தட்டு காலியாகிறது. தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பே கவனித்தவற்றை மட்டும் ஒதுக்கினால் போதும்.

அப்படியென்றால் தட்டில் என்ன வைப்பது? நிறையவே இருக்கிறது. அரிசி, ஓட்ஸ், சோளம், சிறுதானியங்கள், கினோவா. உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, காரட், பீட்ரூட், பூசணி, சுரைக்காய், வெள்ளரி, சுக்கினி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, குடைமிளகாய். ஆப்பிள், பேரி, திராட்சை, தர்பூசணி, பீச், ஆப்ரிகாட், ப்ளூபெர்ரி. புதிய கோழி, முட்டை, பால். பருப்பு வகைகளில் கருத்து வேறுபாடு உண்டு. பலருக்கு அளவோடு ஒத்துக்கொள்கின்றன, நொதித்த சோயா மட்டும் உறுதியாக வேண்டாம். ஆரஞ்சும் தக்காளியும் போனதால் வைட்டமின் சி குறையுமோ என்று பயப்படுபவர்களுக்குக் குடைமிளகாயும் ப்ரோக்கோலியும் தாராளமாகத் தரும்.

சுவையூட்டிகள்: இங்கேதான் பலர் தளர்ந்துபோகிறார்கள்

ஹிஸ்டமின் குறைந்த உணவைப் பலர் இரண்டாவது வாரத்திலேயே கைவிடுவதற்குப் பசி காரணமல்ல, சலிப்பு. வேகவைத்த கோழி, வேகவைத்த காரட், சோறு. எவ்வளவு நாள்தான் சாப்பிட முடியும்? சுவைக்காக நாம் கை நீட்டும் குப்பிகளில் பாதி நொதித்தவை: வினிகர், சோயா சாஸ், மீன் சாஸ், கடுகு பேஸ்ட், கெட்சப், ஈஸ்ட் சாறு. அவற்றை அலமாரியிலிருந்து எடுத்ததும் சமையல் வெறுமையாகிவிடுகிறது. அந்தக் குப்பி ஒவ்வொன்றும் சாப்பாட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்த்து, அந்த வேலைக்கு வேறு ஆளை வைக்க வேண்டும்.

முதலில் புளிப்பு. ஒயின் வினிகரும் பால்சமிக் வினிகரும் ஒதுக்க வேண்டியவை. காய்ச்சி வடித்த வெள்ளை வினிகரில் ஹிஸ்டமின் மிகக் குறைவு என்பதால் சில பட்டியல்கள் அதைச் சிறிதளவு அனுமதிக்கின்றன. எலுமிச்சை பல தடைப் பட்டியல்களில் இருந்தாலும், சில துளிகள் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. சோதனைக் கட்டத்தில் முதலில் திரும்பக் கொண்டுவர முயல வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. அதுவரை துருவிய பச்சை ஆப்பிள் நல்ல துணை. சாலட்டிலும் கோழியோடும் அது கொடுக்கும் புளிப்பு சுத்தமாக இருக்கும். கடையில் கிடைக்கும் அஸ்கார்பிக் அமிலத் தூளை, அதாவது வைட்டமின் சி தூளை, ஒரு சிட்டிகை சேர்ப்பவர்களும் உண்டு.

அடுத்தது அந்த ஆழமான, வாயில் நிற்கும் சுவை. சோயா சாஸும் முதிர்ந்த சீஸும் தந்துகொண்டிருந்தது அதுதான். இதற்கு மாற்று நேரமும் நெருப்பும். வெங்காயத்தை மெல்லிய தீயில் பழுப்பாகும்வரை வதக்குங்கள், முழுப் பூண்டைத் தோலோடு சுட்டுப் பிசையுங்கள், காரட்டையும் பூசணியையும் ஓவனில் ஓரம் கருகும்வரை வாட்டுங்கள். காய்கறிகளில் ஹிஸ்டமினாக மாற அதிகம் எதுவும் இல்லாததால் இவற்றில் தாராளமாக இறங்கலாம். வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்கினால் வரும் முந்திரி மணம் ஒரு தட்டு காய்கறியையே மாற்றிவிடும். வெங்காயமும் பூண்டும் வயிற்றை உப்பவைப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் அவற்றிலுள்ள செரிக்காத சர்க்கரைகளே காரணம், ஹிஸ்டமின் அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பவுலியான் கட்டிகளையும் சூப் தூள்களையும் விட்டுவிடுங்கள். அவற்றின் உறையில் ஈஸ்ட் சாறு, நீராற்பகுத்த புரதம், சோயா என்றெல்லாம் எழுதியிருக்கும். காரட், செலரி, வெங்காயத் தண்டு, பார்ஸ்லிக் காம்பு ஆகியவற்றை அரை மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டிய சாற்றை ஐஸ் தட்டில் உறையவைத்தால் அதுவே கட்டியாகிவிடும்.

தக்காளி சாஸ் இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி. சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய், வேகவைத்த காரட், நிறத்துக்கு ஒரு சிறு துண்டு பீட்ரூட், வதக்கிய வெங்காயம், ஓரிகனோ, உப்பு எல்லாவற்றையும் அரைத்து, ஒரு துளி புளிப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். தக்காளிதான் என்று யாரும் ஏமாற மாட்டார்கள், ஆனாலும் பாஸ்தாவோடு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி இருக்கும்.

மணத்துக்குப் பச்சைத் தழைகள். கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி, பேசில், தைம், ரோஸ்மேரி, ஓரிகனோ, வெங்காயத்தாள். இவற்றைக் கைப்பிடிக் கணக்கில் போடலாம். தழை, எண்ணெய், உப்பு, பூண்டு சேர்த்து அரைத்த பச்சை விழுது எதன்மேல் ஊற்றினாலும் பொருந்தும். ஒரே ஓர் எச்சரிக்கை: பூண்டை எண்ணெயில் ஊறவிட்டு அறை வெப்பத்தில் வைக்கவே கூடாது. காற்றுப்படாத அந்த எண்ணெயில் போட்யூலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். அரைத்த அன்றே பயன்படுத்துங்கள், மீதியை உறையவையுங்கள்.

உலர்ந்த மசாலாப் பொருள்களைப் பற்றித்தான் பட்டியல்கள் அதிகம் சண்டையிடுகின்றன. மஞ்சள், தனியா, சீரகம், ஏலக்காய், இஞ்சி ஆகியவற்றில் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவில்லை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சோம்பு ஆகியவற்றைச் சில பட்டியல்கள் தடைசெய்கின்றன, வேறு சில தாராளமாக விடுகின்றன. இங்கேயும் கணக்கு உதவும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் ஹிஸ்டமின் உள்ள மசாலா என்றே வைத்துக்கொள்வோம். சமையலில் விழுவது ஒரு கிராம். அதில் வருவது 0.03 மில்லிகிராம். அதே அளவு ஹிஸ்டமின் உள்ள கீரையை 200 கிராம் சாப்பிட்டால் 6 மில்லிகிராம். மசாலாவின் பங்கு இவ்வளவு சிறியது என்பதால், ஒரு சிட்டிகை பட்டைக்காக இரவு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். சோயா சாஸ் போன்றவை சிறிய கரண்டிகளில் விழுந்தாலும் கணக்கு வேறாகிறது. கிலோவுக்கு 100 மில்லிகிராம் உள்ள ஒரு சாஸில் 15 கிராம் சேர்த்தால் 1.5 மில்லிகிராம், அதுவும் ஒரு நாளில் மூன்று முறை வரக்கூடும்.

மிளகாயின் கதை வேறு. அதிலுள்ள கேப்சைசின் நரம்பைத் தூண்டியே முகத்தைச் சிவக்க வைக்கும், மூக்கை ஒழுகச் செய்யும். அது ஹிஸ்டமினால் வந்தது அல்ல. ஆனால் அறிகுறி ஒரே மாதிரி இருப்பதால் சோதனை நாள்களில் அது உங்களைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும். அந்த இரு வாரம் காரத்தைக் குறைத்துக்கொள்வது இதற்காகத்தான். காரம் வேண்டுமென்றால் இஞ்சி இருக்கிறது.

கலந்து விற்கும் மசாலாத் தூள்களை உறையைப் படிக்காமல் வாங்காதீர்கள். உலர்ந்த தக்காளித் தூள், ஈஸ்ட் சாறு, வினிகர் தூள், சுவை கூட்டிகள், புகைச்சுவை என்று எதுவும் உள்ளே இருக்கலாம். முழுதாக வாங்கி, வறுத்து, வீட்டில் பொடித்தால் என்ன சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

குடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுவை முழுவதும் நிறுத்திவிடுங்கள். சிவப்பு ஒயினில் ஹிஸ்டமின் இருப்பது ஒருபுறம், ஆல்கஹால் டி.ஏ.ஓ.வையே தடுப்பது இன்னொருபுறம். டீ, காபி இரண்டும் சர்ச்சைக்குரியவை, தினமும் குடிப்பவர் அளவைக் குறைத்துக் கவனிக்கலாம்.

இரண்டு வாரம், பிறகு?

இந்த உணவுமுறை ஆயுள் முழுவதற்குமானது அல்ல. மேலே சொன்ன 2021 வழிகாட்டுதல் அதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. முதல் 10 முதல் 14 நாள் கட்டுப்பாடு. அதன்பின் ஆறு வாரம் வரை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதித்தல். பிறகு அவரவருக்குப் பொருந்தும் நீண்டகால உணவு. முதல் கட்டத்திலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுவது ஊட்டக் குறைவுக்கும் சாப்பாட்டைப் பற்றிய அச்சத்துக்கும் வழிவிடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், எடை குறைந்தவர்கள் உணவியல் நிபுணர் துணையில்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே பொருள், அதுவும் சிறிதளவு. ஒன்றுமில்லையென்றால் அடுத்த நாள் அளவைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த பொருளுக்குப் போங்கள். நோட்டில் உணவின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. சமைத்து எவ்வளவு நேரம் ஆனது, அன்று வேறு என்ன சாப்பிட்டீர்கள், தூக்கம் எப்படி, மாதவிடாய் நாளா, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘தக்காளி ஆகாது’ என்று எழுதுவதைவிட ‘பாதித் தக்காளி, அன்று சமைத்தது, பரவாயில்லை, தக்காளியும் சீஸும் சேர்ந்தால் தலைவலி’ என்ற குறிப்பு ஆயிரம் மடங்கு பயன்தரும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளைத் தினமும் எடுப்பவர்களுக்கு அவை அறிகுறியை மறைத்துவிடும். சோதனையைத் தொடங்குமுன் அதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். டி.ஏ.ஓ. மாத்திரைகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுபவை என்பதைத் தெரிந்துகொண்டு, தேவையா என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

இரண்டு வாரம் கவனமாகக் கடைப்பிடித்தும் அறிகுறியில் எந்த மாற்றமும் இல்லையென்றால், உணவிலுள்ள ஹிஸ்டமின் உங்கள் பிரச்சினை அல்ல என்றே பெரும்பாலும் பொருள். இன்னும் இறுக்கிப் பிடித்தால் பலன் வரும் என்று நினைத்து மேலும் மேலும் உணவைக் குறைக்காதீர்கள். பழையபடி எல்லாவற்றையும் சாப்பிடத் தொடங்கிவிட்டு, அந்த நோட்டோடு மருத்துவரிடம் போய் வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.